கடைக் கம்ப்யூட்டருக்கு ஒரு பாட்டுப் பெட்டி: ஃபூபார் 2000

அம்பாசமுத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சின்னதாக ஒரு டிடிபி கடை. இருபத்திரண்டு வருஷமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா, புதுமனை புகுவிழா, கோயில் கொடை நோட்டீஸ், பதினாறாம் நாள் கார்டு, பில் புக் எல்லாம் இங்கே அடித்து, பிரின்டிங்குக்கு சிவகாசிக்குப் போகும். கடையில் இருப்பது பழைய டூயல் கோர் கம்ப்யூட்டர். 2 ஜிபி ராம், விண்டோஸ் 7. மாற்றச் சொல்லாத ஆள் இல்லை. ஆனால் பக்கம் அமைக்கிற பேஜ்மேக்கர் 7-ம், படம் வரைகிற பழைய கோரல் டிராவும் பாமினி எழுத்துருவும் இதில் ஒரு பிசகும் இல்லாமல் ஓடுகின்றன. இருபது வருஷத்துப் பத்திரிகை ஃபைல் எல்லாம் அந்த எழுத்துருவில்தான் கிடக்கிறது. மூத்த பெண் கல்யாணத்துக்கு அடித்த மாதிரியே இளையவளுக்கும் வேண்டும் என்று வருகிறவர்களுக்கு அந்த ஃபைலைத் திறந்து தேதியையும் பெயரையும் மாற்றித் தருவதில்தான் என் வியாபாரத்தில் பாதி ஓடுகிறது.

விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்ட் பாதுகாப்பு அப்டேட் தருவதை 2020 ஜனவரியோடு நிறுத்திவிட்டது. அதனால் இந்தக் கம்ப்யூட்டருக்கு இன்டர்நெட் இணைப்பே கொடுப்பதில்லை. மெயில், வாட்ஸ்அப் எல்லாம் இன்னொரு லேப்டாப்பில். ஆகவே ஆன்லைனில் பாட்டுக் கேட்கிற பேச்சு இங்கே எடுபடாது. ஹார்ட் டிஸ்கில் இருக்கிற பாட்டை ஹார்ட் டிஸ்கில் இருந்தே போடுகிற ஒரு பிளேயர் வேண்டும். காலை ஒன்பதரைக்குக் கடை திறந்தால் இரவு எட்டு வரை அது ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

போன வருஷம் பங்குனி வரைக்கும் வேறொரு பிளேயர் வைத்திருந்தேன். பெயர் வேண்டாம்; நிறையப் பேர் விரும்பி வைத்திருப்பதுதான், பெரிய கம்ப்யூட்டரில் அது நன்றாகவே ஓடக்கூடும். பக்கத்து ஊர் அம்மன் கோயில் கொடைக்கு நான்கு பக்க நோட்டீஸ் வந்திருந்தது. கடைசி இரண்டு பக்கமும் வரி கொடுத்தவர்கள் பெயர், முந்நூற்றுச் சொச்சம். கொடை நோட்டீஸில் ஒரு இன்ஷியல் மாறினால் ஊருக்குள் சண்டையே வந்துவிடும். கையெழுத்துத் தாளில் ஸ்கேலை வைத்து வரி வரியாக நகர்த்திக்கொண்டு அடித்து வந்தேன். அன்று காலையில்தான் ஒரு பென் டிரைவ் நிறையப் பாட்டை ஹார்ட் டிஸ்கில் போட்டிருந்தேன். நான் கேட்காமலேயே அந்த பிளேயர் உட்கார்ந்து எல்லாப் பாட்டையும் படித்து, அட்டைப்படம் சேர்த்து, பட்டியல் போட ஆரம்பித்துவிட்டது. ராம் நிரம்பியது. முதலில் பாட்டு விக்கியது, அப்புறம் மவுஸ் நின்றது. பத்து நிமிஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு பவர் பட்டனை அமுக்கி அணைத்தேன். கடைசியாக சேவ் செய்த பிறகு அடித்த நூற்றிருபது பெயர்கள் போயின. அன்று இரவு பதினொன்றரை வரை கடையில் இருந்து மறுபடி அடித்தேன், பாட்டு இல்லாமல்.

மறுநாள் என் தம்பி மகனிடம், அவன் திருநெல்வேலியில் என்ஜினியரிங் படிக்கிறான், போனில் சொன்னேன். “அத்தை, உங்களுக்கு லைப்ரரியும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். சும்மா வாசிச்சாப் போதும், அவ்வளவுதானே?” என்றான். அவ்வளவுதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பென் டிரைவில் நான்கு பிளேயர் கொண்டுவந்தான். ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று நாள் கடையில் ஓட்டிப் பார்த்தேன்.

வின்ஆம்ப் எனக்குப் பழைய சிநேகம். நான் கம்ப்யூட்டர் படிக்கப் போன இடத்தில் எல்லா மெஷினிலும் அதுதான் இருக்கும். கறுப்புப் பட்டையில் பச்சை எழுத்து ஓடும். 1997-ல் வந்தது. 1999-ல் ஏஓஎல் என்ற அமெரிக்கக் கம்பெனி வாங்கியது, 2014-ல் ரேடியோனமி என்ற கம்பெனி கைக்கு மாறியது. அதைத் திறந்ததும் மனசு ஒரு கணம் பின்னால் போய்விட்டது நிஜம். ஆனால் கை மாறி மாறிப் போன ஒன்றை நம்பி, தினமும் பத்து மணிநேரம் ஓட்டுகிற வேலைக்கு வைக்க எனக்குத் தயக்கம். ஏஐஎம்பி ரொம்ப நன்றாக இருந்தது. வின்ஆம்ப் பழகியவர்கள் கண்ணுக்கு உடனே பிடித்துவிடும், ஈக்வலைசர் கையெட்டும் இடத்தில் இருக்கிறது. எதையும் செட் செய்யப் பொறுமையில்லை என்பவர்களுக்கு அதைத்தான் சொல்வேன். விஎல்சி எந்தக் கம்ப்யூட்டரிலும் இருக்க வேண்டியது, வீடியோவுக்கு அதை விட்டால் ஆள் இல்லை; ஆனால் ஆயிரக்கணக்கில் பாட்டு வைத்துக்கொண்டு தேடிப் போடுவதற்கு அது அமைந்தது அல்ல.

நான்காவதாக இருந்ததுதான் ஃபூபார் 2000. இப்போது ஒரு வருஷத்துக்கு மேலாக அதுதான் ஓடுகிறது.

பெயரைக் கேட்டால் வாயில் நிற்காது. நாம் குப்பன், சுப்பன் என்று சும்மா ஒரு பெயருக்குச் சொல்கிறோமே, அதுபோல புரோகிராம் எழுதுகிறவர்கள் எதற்கும் பெயர் தோன்றாதபோது போடுகிற சொல்லாம் ஃபூபார். எழுதியவர் பீட்டர் பாவ்லோவ்ஸ்கி. வின்ஆம்ப் செய்த நல்சாஃப்ட் கம்பெனிக்கு முன்பு வேலை செய்து கொடுத்தவர். 2002 கடைசியில் முதல் பதிப்பை வெளியிட்டார். 2023-ல் இரண்டாம் பதிப்பு வந்தது. காசு கிடையாது, விளம்பரமும் கிடையாது. இன்ஸ்டால் செய்கிற ஃபைல் ஐந்தாறு எம்பிதான், ஒரு பாட்டு அளவு.

திறந்தால் ஒன்றுமே இல்லை. வெள்ளைத் திரை, மேலே மெனு, சின்னச் சின்ன பட்டன்கள். என் தம்பி மகன்கூட, “பார்க்க வங்கிக் கணக்குப் புத்தகம் மாதிரி இருக்கு அத்தை” என்றான். எனக்கு அதுதான் பிடித்தது. நாள் முழுக்க பார்டர், பூ, பிள்ளையார், மாங்கொத்து என்று கண்ணுக்கு அலங்காரத்தையே வேலையாக வைத்திருக்கிறவளுக்கு, பாட்டுப் பெட்டியிலும் அலங்காரம் தேவையில்லை. டாஸ்க் மேனேஜரில் பார்த்தேன்: நாலாயிரம் பாட்டு சேர்த்த பிறகும் நாற்பது எம்பி ராமைத் தாண்டவில்லை. பேஜ்மேக்கர், கோரல், இது மூன்றும் சேர்ந்து ஓடுகின்றன. கோரலில் பெரிய பேனர் ஃபைலைத் திறக்கும்போதும் பாட்டு விக்குவதில்லை.

இனி எனக்கு முக்கியமான விஷயம். இதற்காகவே இந்த பிளேயரை வைத்துக்கொள்ளலாம்.

பத்திரிகைக் கடையில் ஒரு நாளைக்கு நாற்பது தடவையாவது பாட்டை நிறுத்திப் போட வேண்டியிருக்கும். போன் வரும். ஆள் வருவார்கள். புரூஃப் பார்க்க வருகிறவர்கள் எப்போதும் வாய்விட்டுத்தான் படிப்பார்கள்: “திருநிறைச்செல்வி... திருவளர்ச்செல்வன்... நிகழும் மங்களகரமான...” அந்த நேரத்தில் அமைதி வேண்டும். இல்லையென்றால் அவர்கள் கண்ணிலும் பிழை படாது, என் காதிலும் விழாது. பழைய பிளேயரில் கோரலைக் கீழே இறக்கி, அதைத் தேடி எடுத்து, பட்டனை அமுக்கி, மறுபடி கோரலுக்கு வர வேண்டும். ஃபூபாரில் கீபோர்டு ஷார்ட்கட் பக்கத்துக்குப் போய், நிறுத்திப் போடும் வேலைக்கு எந்தக் கீ வேண்டுமோ கொடுத்து, ‘குளோபல் ஹாட்கீ’ என்ற கட்டத்தில் ஒரு டிக் போட்டுவிட்டால் போதும். எந்த மென்பொருளில் வேலை செய்துகொண்டிருந்தாலும் அந்தக் கீ வேலை செய்யும்.

எந்தக் கீயைக் கொடுப்பது என்பதில்தான் எனக்கு யோசனை. எஃப் வரிசைக் கீ எல்லாம் கோரலுக்கு வேண்டும். ஆல்ட் சேர்ந்தவை தமிழ் தட்டச்சு மாற்றுவதற்கு. கடைசியில் கீபோர்டின் மேல்வரிசையில் வலது ஓரத்தில் இருக்கிறதே, ‘பாஸ் பிரேக்’ என்று எழுதி, அதைக் கொடுத்தேன். இத்தனை வருஷத்தில் நான் ஒரு தடவைகூட அமுக்கியிராத கீ. அதன் எழுத்து மட்டும் அழியாமல் புதுசு போல இருந்தது. இப்போது அதுவும் தேய ஆரம்பித்திருக்கிறது.

நிறுத்தும்போது வெட்டினாற்போல நிற்காமல் தணிந்து நிற்கவும், திரும்பப் போடும்போது மெல்ல ஏறவும் செய்யலாம். அவுட்புட் பக்கத்தில் ஃபேடிங் என்று இருக்கிறது. எத்தனை மில்லிசெகண்ட் என்று நாமே வைக்கலாம். நான் 400 வைத்திருக்கிறேன். இது எனக்கு ஏன் பெரிய விஷயம் என்றால், எங்கள் அப்பா மைக்செட் வைத்திருந்தவர். கல்யாணம், சடங்கு, கொடை, கட்சிக் கூட்டம் எதற்கும் அவர்தான் போவார். அவர் ஒருநாளும் கேசட்டைப் பட்டென்று நிறுத்தியது கிடையாது. வலது கை வால்யூம் திருகைக் குறைத்த பிறகுதான் இடது கை ஸ்டாப் பட்டனுக்குப் போகும். “ஆள் பேசிட்டிருக்கும்போது வாயைப் பொத்துவியா? அப்படித்தான் இது” என்பார். என் கடையில் பாட்டு இறங்கி நிற்கிற அந்த அரை நொடியில் அவர் கைதான் எனக்கு ஞாபகம் வரும்.

அடுத்தது பாட்டின் பெயர்கள். இணையத்தில் இருந்தும் சிடி கடையில் இருந்தும் வந்த தமிழ்ப் பாட்டுகளை வைத்திருக்கிற எல்லோருக்கும் இந்தத் தொல்லை தெரியும். எந்தப் பாட்டைத் திறந்தாலும் பெயருக்குப் பின்னால் ஒரு கோடு, அதற்குப் பின்னால் ஏதோ ஒரு வெப்சைட் முகவரி. படத்தின் பெயர் இருக்க வேண்டிய இடத்திலும் அதே முகவரி, பாடியவர் பெயரிலும் அதே. பாட்டு ஃபைலுக்குள்ளேயே எழுதியிருக்கிற இந்தப் பெயர்க் குறிப்புகளுக்கு டேக் என்று பெயர். பாட்டை டேக் பார்த்து அடுக்குகிற பிளேயரில் இதைப் போட்டால், எழுநூறு பாட்டும் ஒரே வெப்சைட்டின் பெயரில் ஒரே ஆல்பமாக வந்து நிற்கும். என் பழைய பிளேயரில் அப்படித்தான் நின்றது.

ஃபூபாரில் இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, டேகையே பார்க்காமல் விடுவது. ஆல்பம் லிஸ்ட் என்ற பகுதியில் ‘ஃபோல்டர் அமைப்புப்படி’ என்று தேர்ந்தெடுத்தால், ஹார்ட் டிஸ்கில் நான் எப்படி ஃபோல்டர் போட்டு வைத்திருக்கிறேனோ அப்படியே இடது பக்கம் மரம் மாதிரி காட்டும். என் ஃபோல்டர்களுக்கு நான் பெயர் வைத்திருக்கிறேன், அவை எனக்குத் தெரியும், அது போதும். முதல் மாதம் முழுக்க இப்படித்தான் ஓட்டினேன்.

இரண்டாவது வழி, உட்கார்ந்து சுத்தம் செய்வது. ஒரு ஃபோல்டரில் இருக்கிற பாட்டையெல்லாம் மொத்தமாகத் தேர்வு செய்து, ப்ராப்பர்ட்டீஸ் திறந்தால் எல்லாவற்றின் டேகும் ஒரே அட்டவணையில் வரும். ஆல்பம் என்ற இடத்தில் படத்தின் பெயரை ஒரு தடவை அடித்தால் பதினைந்து பாட்டுக்கும் ஏறிவிடும். பாட்டுப் பெயருக்கு, ஃபைலின் பெயரில் இருந்தே எடுத்து நிரப்பும் வசதி அங்கேயே இருக்கிறது. கோட்டுக்கு முன்னால் இருப்பது டைட்டில், பின்னால் இருப்பது வேறு ஏதோ ஒரு கட்டம் என்று ஒரு மாதிரி வடிவம் எழுதிக் கொடுத்தால், எப்படி வரும் என்று முன்கூட்டியே காட்டும். சரி என்று தெரிந்த பிறகு ஓகே கொடுத்தால், அத்தனை பாட்டின் பெயரில் இருந்தும் வெப்சைட் முகவரி உதிர்ந்துவிடும். ஒரு படத்துக்கு ஒரு நிமிஷம். மத்தியானம் ஆள் வராத நேரத்தில் தினம் பத்துப் பதினைந்து படம் என்று செய்தேன். ஆடி மாதம் முழுக்க முகூர்த்தம் இல்லாததால் வேலை குறைவு, அதில் முடித்துவிட்டேன்.

என் தொழிலுக்கே உரிய இன்னொரு குளறுபடியும் இருந்தது. எந்தக் கம்ப்யூட்டரிலும் தமிழைத் தமிழாகவே காட்டுகிற யூனிகோட் முறை பழக்கத்துக்கு வராத காலத்தில் நானே சில பாட்டுகளுக்குப் பாமினியில் பெயர் அடித்து வைத்திருக்கிறேன். பாமினி எழுத்துருவில் பார்த்தால்தான் அது தமிழ். எந்த பிளேயரில் போட்டாலும் ஆங்கில எழுத்தும், மெய்யெழுத்துக்கு ஒன்றாக அரைப்புள்ளியும் என்று அள்ளித் தெளித்த மாதிரி இருக்கும். இதைக் குறையாக எந்த பிளேயர் மேலும் சொல்ல முடியாது. என்ன வசதி என்றால், ஃபூபாரில் அந்தப் பெயர்களை நகலெடுத்து, பாமினியை யூனிகோடாக மாற்றும் கருவியில் போட்டு, திரும்பக் கொண்டுவந்து ஒட்டலாம். நூறு பாட்டுக்கு அப்படிச் செய்தேன். யூனிகோடில் ஏறிய பிறகு, தேடும் கட்டத்தில் தமிழிலேயே அடித்துத் தேட முடிகிறது. இரண்டு எழுத்து அடிப்பதற்குள் பட்டியல் சுருங்கி நிற்கிறது.

எழுத்து அளவையும் சொல்லிவிடுகிறேன், என் கண் அதில்தான் போகும். முதலில் வருகிற அளவில் தமிழ் எழுத்து பொடியாக இருக்கும். மேல் விலங்கும் கீழ்ச் சுழியும் அடுத்தடுத்த வரியில் இடிப்பது போலத் தெரியும். நிறமும் எழுத்துருவும் மாற்றுகிற பக்கத்தில் பட்டியலுக்கு லதா எழுத்துருவைக் கொடுத்து 11 பாயின்ட் ஆக்கினேன். இப்போது நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தபடியே படிக்கலாம். விண்டோஸ் 8-க்கு மேல் வைத்திருப்பவர்கள் நிர்மலா கொடுத்தால் இன்னும் தெளிவாக இருக்கும்.

அப்பா விட்டுப்போன நாதஸ்வர கேசட்டுகளுக்கு வருகிறேன்.

கல்யாண வீட்டில் மேளக்காரர் வருவதற்கு முன்னாலும், பந்தி நடக்கும்போதும் போடுவதற்கென்று அப்பா தனியாக ஒரு தகரப் பெட்டியில் வைத்திருந்தார். அதில் நிறைய காருகுறிச்சி அருணாசலம். காருகுறிச்சி எங்களுக்கு அசலூர் இல்லை. சேரன்மகாதேவிக்கும் வீரவநல்லூருக்கும் நடுவில், ரயிலில் போனால் ஜன்னல் வழியாகப் பார்க்கிற ஊர். அருணாசலம், நாதஸ்வரச் சக்கரவர்த்தி ராஜரத்தினம் பிள்ளையின் சிஷ்யர்; 1964-ல், நாற்பத்து மூன்று வயதுக்குள்ளேயே போய்விட்டார். அந்த கேசட்டுகளை மூன்று வருஷத்துக்கு முன்னால் டெக்கில் இருந்து ஒயர் போட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். 44,100 ஹெர்ட்ஸில், ஸ்டீரியோவில் அப்படியே பதிந்தால் ஒரு நிமிஷத்துக்குப் பத்து எம்பிக்கு மேல் பிடிக்கும். தொண்ணூறு நிமிஷ கேசட்டில் ஒரு பக்கமே 470 எம்பியைத் தாண்டும். அதை ஃப்ளாக் ஆக்கி வைத்திருக்கிறேன்: இடம் குறையும், ஒலியில் ஒரு துளியும் குறையாது. ஃபூபார் ஃப்ளாக், எம்பி3, வேவ் எதைக் கொடுத்தாலும் தனியாக எதுவும் இன்ஸ்டால் செய்யச் சொல்லாமல் வாசிக்கிறது.

இவற்றில் மூன்று கஷ்டம் உண்டு. முதலாவது, ஆலாபனை ஒரு ஃபைல், கீர்த்தனை அடுத்த ஃபைல் என்று வெட்டி வைத்திருக்கிறேன். இரண்டுக்கும் நடுவில் பிளேயர் அரை நொடி மூச்சு விட்டால்கூட, தவில் விழுகிற இடத்தில் ஒரு பள்ளம் விழுந்துவிடும். ஃபூபாரில் அந்த இடைவெளி இல்லை. ஒரு ஃபைல் முடிந்து அடுத்தது தொடங்குவது காதுக்குத் தெரியவில்லை. இரண்டாவது, கலைத்துப் போட்டால் கீர்த்தனை முன்னாலும் ஆலாபனை பின்னாலும் வந்துவிடும். பாட்டைக் கலைக்காமல் ஃபோல்டரை மட்டும் கலைக்கிற ஒரு வரிசை இதில் இருக்கிறது. ஒரு கேசட் பக்கம் முழுசாக ஓடி முடிந்து, பிறகு வேறு ஏதோ ஒரு ஃபோல்டர் வரும். கச்சேரி கேட்கிறவர்களுக்கு இந்த ஒரு வசதிக்காகவே ஃபூபாரைச் சொல்வேன்.

மூன்றாவது ஒலியளவு. அப்பாவின் கேசட் எல்லாம் ஒலி குறைந்தவை, சில அதற்கும் முன்னால் யாரோ கேசட்டில் இருந்து கேசட்டுக்கு ஏற்றியவை. இந்தக் காலத்துப் படப்பாட்டு அத்தனையும் உச்சத்தில் பதிந்தவை. நாதஸ்வரம் முடிந்து படப்பாட்டு வந்தால் எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்ப்பார். இதற்கு ரீப்ளேகெயின் என்று ஒரு முறை இருக்கிறது. 2001-ல் டேவிட் ராபின்சன் என்பவர் முன்வைத்தது. ஒவ்வொரு பாட்டும் காதுக்கு எவ்வளவு உரக்கக் கேட்கிறது என்று அளந்து, எல்லாம் 89 டெசிபெல் என்ற ஒரே அளவுக்கு வர எவ்வளவு கூட்ட வேண்டும், குறைக்க வேண்டும் என்று டேகில் குறித்துவைக்கும். ஒலியைத் தொடாது, குறிப்பை மட்டும் எழுதும். வேண்டாம் என்றால் அழித்துவிடலாம். ஃபூபாரில் இந்த அளவெடுக்கும் வேலை உள்ளேயே இருக்கிறது. நாலாயிரம் பாட்டையும் தேர்வு செய்து இரவு கடை அடைக்கும்போது விட்டுப் போனேன், காலையில் முடிந்திருந்தது. அதற்கப்புறம் ஸ்பீக்கர் திருகில் நான் கை வைக்கவில்லை.

காருகுறிச்சியார் பெயரை அடிக்கும்போது ஒன்று கவனித்தேன். எம்பி3 டேகின் பழைய முறையில் ஒரு பெயருக்கு 30 பைட்டுதான் இடம். ஆங்கிலத்துக்கு அது 30 எழுத்து. யூனிகோடை ஃபைலில் எழுதுகிற யூடிஎஃப்-8 என்ற முறையில் தமிழுக்குக் குறி ஒன்றுக்கு 3 பைட்டு. கால், கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனிக் குறி. பத்துக் குறியோடு இடம் தீர்ந்துவிடும். அந்தப் பத்தில் ‘காருகுறிச்’ வரைக்கும்தான் வரும். ஒரு மனிதரின் பெயர் புள்ளி வைத்த எழுத்தில் அறுந்து தொங்குவதைப் பார்க்க எனக்கு எப்படியோ இருந்தது. புதிய முறையிலும் ஃப்ளாக்கிலும் இந்தக் கட்டுப்பாடு இல்லை. பெயரைத் தமிழில் வைக்க விரும்புகிறவர்கள் பழைய முறையை நம்ப வேண்டாம்.

குறையும் சொல்ல வேண்டும். முதல் நாள் இது யாருக்கும் கைகொடுக்காது. எல்லாம் இருக்கிறது, ஆனால் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும். அமைப்புப் பக்கங்கள் ஒன்றுக்குள் ஒன்றாகப் போகும், விளக்கமெல்லாம் ஆங்கிலத்தில். எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசாகப் போயிற்று. ஈக்வலைசரையும் தேடித்தான் திறக்க வேண்டும். உள்ளே நிரல் எப்படி எழுதியிருக்கிறது என்று வெளியே காட்டுவதில்லை, அதனால் திறந்த மூல மென்பொருள்தான் வேண்டும் என்பவர்களுக்கு இது ஆகாது. லினக்ஸ் வைத்திருப்பவர்கள் ஆடேஷியஸைப் பார்க்கலாம். என் தம்பி மகன் லேப்டாப்பில் அதுதான் இருக்கிறது, அதுவும் இதைப் போலவே சொன்னதை மட்டும் செய்கிற ஜாதி. படுக்கையில் சாய்ந்துகொண்டு அட்டைப்படம் பார்த்துப் பாட்டுத் தேர்வு செய்கிற சுகம் வேண்டும் என்றாலும் ஃபூபார் சரிப்படாது. இது வேலை செய்கிற இடத்துக்கான பிளேயர்.

இன்ஸ்டால் செய்யும்போது ‘போர்ட்டபிள்’ என்று ஒன்று கேட்கும். அதைத் தேர்ந்தெடுங்கள். பிளேயரும், நாம் மாற்றிய அமைப்பும், பட்டியலும் எல்லாம் ஒரே ஃபோல்டரில் இருக்கும். கார்த்திகை மழையில் கரண்ட் போய்ப் போய் வந்ததில் என் ஹார்ட் டிஸ்க் ஒருநாள் போயிற்று. பாட்டு வேறு டிஸ்கில் நகல் இருந்தது. ஃபூபார் ஃபோல்டர் பென் டிரைவில் இருந்தது. புது டிஸ்க் போட்டு, ஃபோல்டரை இழுத்து விட்டு, திறந்தேன். லதா 11 பாயின்ட், 400 மில்லிசெகண்ட், பாஸ் பிரேக் கீ எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. பேஜ்மேக்கரைத் திரும்ப நிலைக்குக் கொண்டுவர ஒன்றரை நாள் ஆயிற்று.

தை மாதம் ஒரு பெரியவர் பேத்தி கல்யாணப் பத்திரிகைக்கு புரூஃப் பார்க்க வந்தார். கீயை அமுக்கினேன், வாசிப்பு இறங்கி நின்றது. அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழ் வரை விரல் வைத்துப் படித்தார். இரண்டு இன்ஷியல் திருத்தினார். சரி, முடிந்தது என்று மறுபடி கீயை அமுக்கினேன். விட்ட இடத்தில் இருந்து தோடி ஆலாபனை மெல்ல ஏறி வந்தது. எழுந்தவர் திரும்ப உட்கார்ந்துவிட்டார்.

“ஏம்மா, இது நம்ம காருகுறிச்சியார் வாசிப்புல்லா?”

“ஆமா தாத்தா. அப்பா வச்சிருந்த கேசட்டு.”

“மைக்செட்டுக்காரர் மகளா நீ?” என்றார். அப்புறம் இருபது நிமிஷம் ஒன்றும் பேசவில்லை. கீர்த்தனை முடிகிற வரைக்கும் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். எனக்கு கோரலில் வேறு வேலை இருந்தது, அதைச் செய்துகொண்டிருந்தேன்.

தனக்கும் வேண்டும் என்று கேட்டார். வீட்டில் பென் டிரைவ் போடுகிற ஸ்பீக்கர் இருக்கிறதாம். அந்த மாதிரி ஸ்பீக்கர்கள் பலவும் ஃபைல் பெயர் வரிசையில்தான் பாடும் என்பதால், பெயருக்கு முன்னால் 01, 02 என்று எண் வருகிற மாதிரி ஃபூபாரிலேயே வடிவம் கொடுத்து நகலெடுத்தேன். ஆலாபனை முன்னால், கீர்த்தனை பின்னால். சாயந்திரம் பேரனை அனுப்பி வாங்கிக்கொண்டார்.

மறுநாள் காலை கடை திறக்கும்போதே வாசலில் நின்றார். கையில் புரூஃப் தாள். மங்கல இசை என்று போட்டு அதற்குக் கீழே நாதஸ்வரக்காரர் பெயர், தவில்காரர் பெயர் வருகிற வரியில் பேனாவால் வட்டம் போட்டிருந்தார். பிழை ஏதும் விட்டுவிட்டேனோ என்று வாங்கிப் பார்த்தேன்.

“பிழை இல்லம்மா. இந்த ரெண்டு பேரையும் ரெண்டு பாயின்ட் பெருசாப் போடு.”